மீன் தின்ற மறுநாள்

வசந்தப் பண்டிகை ஷம்முன்னசீமுக்கு மறுநாள் மட்டும் மருந்துக் கடையை எட்டு மணிக்கே திறந்துவிடுவேன். மற்ற நாட்களில் பத்து மணி. முந்தின நாள் எங்கள் ஊர் மன்சூரா முழுக்க ஃபஸீக் தின்றிருக்கும். உப்பில் புதைத்து நாள்கணக்கில் ஊறவைத்த மீன். கத்தி பட்டதும் தெருக்கோடி வரை மணக்கும். பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் வைத்துக்கொண்டு ரொட்டியோடு தின்ன வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள். விடிந்ததும் ஊருக்கே கண் வீங்கியிருக்கும்.

அன்று முதல் ஆள் எதிர்க்கடை முடிதிருத்துபவர் மஹ்ரூஸ். எங்கள் பக்கம் மருந்துக் கடைக்காரனும் டாக்டர்தான்.

"டாக்டரே, தேனீ கொட்டின மாதிரி இருக்கு."

"எத்தனை மீன்?"

"ஒண்ணு."

நான் பேசாமல் பார்த்தேன்.

"ரெண்டு."

இன்னும் பார்த்தேன்.

"மூணு. ஆனா மூணாவது சின்னது, சத்தியமா."

"தண்ணி நிறைய குடிங்க. இன்னிக்கு உப்பு தொடாதீங்க, ஊறுகாய் பக்கமே போகாதீங்க. படுக்காதீங்க, நடங்க. கண்ணைக் கசக்காதீங்க. சாயங்காலம் வடிஞ்சிடும்."

"சொட்டு மருந்து?"

"வேண்டாம்."

"களிம்பு?"

"ஈரத்துணி போதும். குளிர்ந்த தண்ணியில நனைச்சு வெச்சுக்குங்க."

"இதுக்கா அஞ்சு வருஷம் காலேஜுல படிச்சீங்க? எதையும் விக்க மாட்டேங்கறீங்க. கடை எப்படித்தான் ஓடுதோ."

அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் அதே பதில்தான். ஒரு பெரியவருக்கு மட்டும் இரண்டு காலும் வீங்கியிருந்தன. மூச்சும் வாங்கியது. வீக்கம் ஒரு வாரமாக இருக்கிறதாம். அது மீன் இல்லை. அவருடைய மகனைப் போனில் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு அம்மாவின் போன் வந்தது.

"இஹாப், உடனே வீட்டுக்கு வா. உன் தங்கச்சிக்குக் கண்ணையே காணோம்."

கதவைப் பாதி இறக்கிவிட்டுப் போனேன்.

என் தங்கை ரபாபுக்கு அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். செவ்வாய்க்கிழமை நிக்காஹ் வைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மாப்பிள்ளை ஹாஸிம் குவைத்தில் வேலை பார்க்கிறான். மறுநாள் மத்தியானம் அவனுக்கு விமானம். அன்றைக்கே நிக்காஹைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் விசாவுக்குக் காகிதங்களைக் கொடுத்து இரண்டு மூன்று மாதத்தில் அவளையும் அழைத்துக்கொள்ளலாம். எழுதாவிட்டால் அடுத்த லீவு வரை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு வருஷம் போனிலேயே காத்திருந்தவர்கள்.

அம்மா வீடு இரண்டாம் மாடி. என் வீடு அதே கட்டிடத்தில் நான்காம் மாடி. உள்ளே போனபோது ரபாப் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் இரண்டு கோடுகள். மேலேயும் கீழேயும் பன் ரொட்டி மாதிரி வீக்கம். அதிய்யாத் அத்தை அவள் முகத்தின் மேல் குனிந்து வெள்ளரித் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ எரியுது!" என்று ரபாப் கத்தினாள்.

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

"அத்தை, இதுல உப்புப் போட்டிருக்கு."

"சாலட்டுக்கு வெட்டினது. அதுக்கென்ன, வெள்ளரி வெள்ளரிதானே?"

ரபாப் எழுந்து குழாயடிக்கு ஓடினாள். கழுவிக்கொண்டு வரும்போது கண்ணாடி பார்த்துவிட்டாள். அழ ஆரம்பித்தாள்.

"அழாதே," என்றேன். "அழுதா இன்னும் வீங்கும்."

"நீ பேசாதே. எல்லாம் உனக்குச் சிரிப்பா இருக்கும்."

எனக்குச் சிரிப்பாக இல்லை. முந்தின நாள் மேஜையில் நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஷம்முன்னசீம் சீர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வர வேண்டும். ஹாஸிம் ஃபஸீக்குக்குப் பேர்போன நபரோஹ்வுக்கே போய் நாலு கிலோ ஃபஸீக் வாங்கி, பதினைந்து மீனையும் தட்டில் அடுக்கி, பச்சை வெங்காயக் கட்டைப் பூங்கொத்து மாதிரி மேலே வைத்துக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய அம்மா ஸுரையா ஹாஜியம்மா ரபாபுக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீர் மீனை ஒன்றோடு நிறுத்தினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ரபாப் மூன்று தின்றாள். "போதும், தண்ணி குடி," என்று காதில் சொன்னேன். மேஜைக்கு அடியில் என் காலை உதைத்தாள்.

சாயங்காலம் மருதாணி. தோழிகள் போக நேரமாகிவிட்டது. கண்மையைக் கழுவாமல் குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கிறாள். போதாததற்கு, கண்ணேறு படாமல் இருக்க அத்தை தலையணைக்கு அடியில் ஒரு கட்டு பச்சை வெங்காயம் வைத்திருக்கிறாள்.

"உப்பு, மை, வெங்காயம், குப்புறப் படுத்தது," என்றேன். "ஒண்ணு போதும். நாலும் சேர்ந்திருக்கு."

"பாடம் எடுக்காதே அண்ணா. சரிபண்ணு."

"ஷேக் அப்துல் பாரி வர்றாருடா," என்றாள் அம்மா. அவளுடைய கண்களும் வீங்கித்தான் இருந்தன. அத்தையுடையதும்.

அதுதான் விஷயம். எங்கள் பேட்டையில் நிக்காஹ் எழுதுகிறவர் ஷேக் அப்துல் பாரி. பெண்ணின் முகத்தை நேரில் பார்த்து, அவள் வாயால் சம்மதம் கேட்காமல் பதிவேட்டைத் திறக்க மாட்டார். போன வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கண் வீங்கிய பெண்ணைப் பார்த்ததும், "இவ அழுதிருக்கா, நான் எழுத மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார். பெண்ணுக்கு உண்மையாகவே இஷ்டமில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஊரில் மரியாதை கூடிவிட்டது. மணப்பெண்களுக்குப் பயமும் கூடிவிட்டது.

"கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார வெச்சுடலாம்," என்றாள் அத்தை.

"அந்தப் பொண்ணும் கறுப்புக் கண்ணாடிதான் போட்டிருந்தா," என்றாள் அம்மா.

"அப்ப மூலத்துக்குப் போடுற களிம்பு கொண்டா. அது வீக்கத்தை வத்த வெச்சுடுமாம். சினிமாக்காரிங்க எல்லாம் கண்ணுக்கு அதைத்தான் போடுறாங்களாம்."

"அத்தை, அது கண்ணுக்கு ஆகாது."

"பற்பசை?"

"ஆகாது."

"எலுமிச்சை?"

"அத்தை."

"நான் வாயே திறக்கல, போ."

மணி ஒன்பதரை. அஸருக்கு ஆறு மணி நேரம் இருந்தது. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. படுத்தால் அது கண்ணைச் சுற்றித் தேங்குகிறது. அங்கே தோல் வெங்காயத் தாள் மாதிரி மெல்லிசு. நிமிர்ந்து உட்கார்ந்தால், குளிர்ச்சி வைத்தால், தண்ணீர் குடித்தால், தானே வடியும். அவசரம்தான் அதற்கு எதிரி.

"ரெண்டு தேக்கரண்டி வேணும்," என்றேன். "ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தது."

அம்மா ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். நிக்காஹ் விருந்துக்கு வாத்துகளும், அரிசி அடைத்துச் சுருட்டிய திராட்சை இலையும் கதவு வரை அடைத்துக் கிடந்தன.

"உன் வீட்டு ஃப்ரீசர்லதான் ரெண்டு கரண்டி எப்பவும்..." என்று ஆரம்பித்த அம்மா நிறுத்திக்கொண்டாள்.

மேலே போனேன்.

என் மனைவி இனாஸ் இறந்து பதினாலு மாதம். அந்தக் கரண்டிகளை வைத்தது அவள். அவளுக்கு ஃபஸீக் என்றால் உயிர். ஒவ்வொரு ஷம்முன்னசீமுக்கும் மறுநாள் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு கண்ணிலும் இரண்டு கரண்டி. வருகிறவர்களிடம் "நான்தான் விளம்பரம், எங்க டாக்டர் சொன்னா சரியாயிடும்" என்பாள்.

கரண்டிகள் ஃப்ரீசர் கதவின் உட்பக்கத் தட்டில் ஒரு சின்னப் பையில் இருந்தன. ஐஸ் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கை அந்தப் பக்கம் போகாது. அன்று எடுத்தேன். பையில் பனி உறைந்திருந்தது. விரலில் ஒட்டியது. கீழே கொண்டுவந்தேன்.

ரபாப் கோடாக இருந்த கண்ணால் பார்த்தாள்.

"அண்ணா, இது..."

"கண்ணை மூடு."

மெல்லிய துணியில் சுற்றி வைத்தேன். உறைந்ததை நேராக வைத்தால் தோல் புண்ணாகிவிடும். இரண்டு நிமிஷம் வைத்து, எடுத்து, மறுபடி. நடுவில் தேநீர்ப் பைகளைக் கொதிநீரில் நனைத்து ஆறவைக்கச் சொன்னேன். அத்தை ஆறவைக்காமல் கொண்டுவந்தாள். திருப்பி அனுப்பினேன். ஒரு பெரிய ஜாடித் தண்ணீர். அம்மா தட்டில் பாலாடைக்கட்டியும் ஆலிவும் கொண்டுவந்தாள். அதையும் திருப்பி அனுப்பினேன். உப்பில்லாத ரொட்டி, வாழைப்பழம்.

"இது கல்யாண வீடா ஜெயிலா?" என்றாள் ரபாப், கரண்டிகளுக்கு அடியிலிருந்து.

பதினொன்றரைக்குக் கோடு வாதுமைக் கொட்டை அளவுக்குத் திறந்திருந்தது. "கொஞ்சம் படுத்துக்கறேனே" என்றாள்.

"படுத்தா திரும்பவும் தேங்கும். வா, நடந்துட்டு வரலாம்."

"நிக்காஹ் அன்னிக்குப் பொண்ணைத் தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போறியா? ஊரு என்ன சொல்லும்?" என்றாள் அத்தை.

"ஊருக்குக் கண்ணு தெரியாது அத்தை. எல்லாருக்கும் வீங்கியிருக்கு."

ரபாப் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். நைல் கரைக்குப் போனோம். புல்லில் முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன சாயம் பூசிய முட்டை ஓடுகள், கீரை இலைகள், வெங்காயத் தாள்கள். காற்று நன்றாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அண்ணா, நேத்து நீ முட்டையும் கீரையும்தான் சாப்பிட்டே. பார்த்தேன்."

"ம்."

"போன வருஷமும் அப்படித்தான்."

"ம்."

"ஒண்ணு கேக்கட்டா? நீ அழுதிருக்கியா? அண்ணிக்காக."

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"என் கண்ணு எப்பவாவது வீங்கியிருந்து பார்த்திருக்கியா?"

அவள் என் கையைக் கோத்துக்கொண்டாள். நான் ஏன் அழவில்லை என்று எனக்கே தெரியாது. வரவில்லை. அவ்வளவுதான்.

"அண்ணி இருந்திருந்தா நேத்து நாலு தின்னிருப்பாங்க," என்றாள்.

"அஞ்சு," என்றேன்.

ரபாப் சிரித்தாள். பிறகு நின்றாள்.

"அங்க பாரு. அது யாரு, பொண்டாட்டிய வேவு பாக்கறவன் மாதிரி?"

எதிரே ஒருத்தன் வேகமாக வந்துகொண்டிருந்தான். தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தான். அதற்குக் கீழே பெரிய கறுப்புக் கண்ணாடி. மோவாயை வானத்துக்குத் தூக்கி வைத்திருந்தான். பக்கத்தில் வந்ததும் திடுக்கிட்டு நின்றான்.

"ரபாப்?"

"ஹாஸிம்?"

"நீ இங்க என்ன பண்றே? ஓடிப்போறியா?"

"அண்ணனைக் கூட்டிட்டா ஓடிப்போவாங்க? நீ என்ன பண்றே?"

"சும்மா. காத்து வாங்க."

"கண்ணாடியக் கழட்டு."

"வெயிலா இருக்கு."

"கழட்டு ஹாஸிம்."

"நீ முதல்ல கழட்டு. மச்சான், நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றேன்.

இருவரும் சேர்ந்து கழற்றினார்கள். ஹாஸிமின் கண்கள் ரபாபுடையதைவிட மோசம். இடது கண் முழுவதும் மூடியிருந்தது. முகமெல்லாம் வெள்ளையாக ஏதோ காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"இது என்ன மாவு?"

"உருளைக்கிழங்கு. எங்கம்மா துருவி அப்பிட்டாங்க."

"எத்தனை தின்னே?"

"நாலு. உங்கம்மா என் தட்டையே பார்த்துட்டு இருந்தாங்க. வாங்கிட்டு வந்தவனே தின்னலைன்னா கெட்ட மீன்னு நினைச்சுப்பாங்களேன்னு..."

"எங்கம்மா உன் தட்டைப் பார்த்தாங்களா? உங்கம்மா என் தட்டைப் பார்த்தாங்க!"

அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் படகுக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். ரபாபுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "சிரிச்சு வந்தாலும் வீங்குமா அண்ணா?" என்றாள். அதைப் பற்றிக் காலேஜில் சொல்லித் தரவில்லை. மூன்று பேரும் பாலம் வரை நடந்து திரும்பினோம். ஹாஸிமுக்கும் அதே மருந்து சொன்னேன். தண்ணீர், குளிர்ந்த துணி, படுக்கக் கூடாது.

நாலு மணிக்கு எல்லாரும் கூடியாகிவிட்டது. ரபாபின் வீக்கம் முக்கால்வாசி வடிந்திருந்தது. மிச்சக் கால்வாசியைப் பற்றி ஷேக் கேட்டால் மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும் என்று அத்தை எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். மீன் என்று மட்டும் சொல்லக் கூடாது. ஷேக்குக்கு ஷம்முன்னசீமே பிடிக்காது. அது நம் பண்டிகை இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் அவர் பிரசங்கம் செய்வார். நான் சரி என்றேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

ஷேக் அப்துல் பாரி ஒல்லியானவர். பெரிய பதிவேட்டைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். பழச்சாறு குடித்தார். பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். ரபாப் வந்து உட்கார்ந்தாள். அவர் பார்த்தார். அந்தக் கால்வாசி அவருக்குப் போதுமாக இருந்தது.

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"மகரந்தம்," என்றாள் அத்தை.

"ஜலதோஷம்," என்றாள் அம்மா, அதே மூச்சில்.

"ராத்திரி தூக்கமில்ல," என்றாள் ஸுரையா ஹாஜியம்மா.

ஷேக் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"உங்களுக்கும் மகரந்தமா?" என்று அத்தையைக் கேட்டார். "உங்களுக்கும் ஜலதோஷமா?" என்று அம்மாவைக் கேட்டார். பேனாவை மூடினார். பதிவேட்டையும் மூடினார். "போன வருஷம் அந்த வீட்டுலயும் இப்படித்தான் ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. இங்க எல்லாரும் அழுதிருக்கீங்க. யாரு செத்தா இந்த வீட்டுல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு, பார்த்துவிட்டதற்காகத் தரையைப் பார்த்தார்கள்.

ரபாப் கைகளைக் கோத்துக்கொண்டாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. ஹாஸிம் கறுப்புக் கண்ணாடியோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அப்பா இல்லை. நிக்காஹில் அவளுக்காக மாப்பிள்ளைக்குக் கை கொடுக்க வேண்டியவன் நான்தான். நான்தான் பேச வேண்டும்.

"என் மனைவி," என்றேன். "பதினாலு மாசம் ஆச்சு. ஆனா இது மீன், ஷேக்."

"என்ன மீன்?"

"ஃபஸீக். நாலு கிலோ. மாப்பிள்ளை வீட்டுச் சீர்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஷேக் என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வீங்கியிருக்கு. உங்க கண்ணு மட்டும் தெளிவா இருக்கே, டாக்டர்?"

"நான் சாப்பிடல."

"ஏன்?"



"அவளுக்குப் பிடிக்கும்," என்றேன்.

அம்மா சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷேக் பதிவேட்டின் மேல் கையை வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அல்லாஹ் அவங்களுக்கு அருள் செய்யட்டும். நீங்க பொய் சொல்றவர் இல்லைன்னு தெரியுது. ஆனா முதல்ல மூணு பொய் கேட்டுட்டேன். நாளைக்கு இந்தப் பொண்ணு என்னைக் கேள்வி கேக்கக் கூடாது. வாயால யாரும் என்ன வேணா சொல்லலாம்."

அப்போது ரபாப் எழுந்து நின்றாள்.

"ஷேக், அவரைக் கண்ணாடியக் கழட்டச் சொல்லுங்க."

"யாரை?"

"மாப்பிள்ளைய."

ஹாஸிம் கழற்றினான். இடது கண் கொஞ்சம் திறந்திருந்தது. அது போதாது. ஸுரையா ஹாஜியம்மா "யா ஸாத்திர், மானத்தைக் காப்பாத்து" என்று முணுமுணுத்தாள்.

"என்னைக் கட்டாயப்படுத்தி அழ வெச்சாங்கன்னே வெச்சுக்குங்க," என்றாள் ரபாப். "இவரை யாரு கட்டாயப்படுத்தினா? இவருக்குத்தான் என்னைவிட அதிகமா வீங்கியிருக்கு. நான் மூணு தின்னேன். இவரு நாலு."

ஷேக்கின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. அதை அடக்கினார். "எல்லாரும் ஜன்னல்கிட்ட வாங்க," என்றார். அம்மா, அத்தை, ஹாஜியம்மா, ஹாஸிம், ரபாப் ஐந்து பேரும் வெளிச்சத்தில் வரிசையாக நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்க நிற்பதுபோல. ஷேக் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அத்தையிடம் வந்ததும் நின்றார்.

"உங்களுக்கு எத்தனை?"

"ரெண்டு," என்றாள் அத்தை. பிறகு, "மகரந்தமும் கொஞ்சம் உண்டு."

முதலில் சிரித்தது ஷேக்தான்.

ஆனாலும் அவர் விடவில்லை. ரபாபைப் பால்கனிக்கு அழைத்துப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஹாஸிம் என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தான். அன்று முழுக்க என் தோள் வலித்தது.

வந்து பதிவேட்டைத் திறந்தார்.

வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் என் கையும் ஹாஸிமின் கையும். அவன் கை வேர்த்திருந்தது. எத்தனை எலுமிச்சை தேய்த்தும் மீன் வாசனை போகவில்லை. ஷேக் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். குரல் ஒரே சீராக வந்தது. ரபாப் கையெழுத்துப் போட்டாள், பெருவிரல் ரேகை வைத்தாள். அத்தை குலவை போட்டாள். கீழ்மாடியிலிருந்து யாரோ பதில் குலவை போட்டார்கள். தோழிகள் கைக்குட்டைக்கு அடித்துக்கொண்டார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது கிடைத்தால் அடுத்தது அவள்தான் என்று ஒரு நம்பிக்கை. அத்தை நடுவில் புகுந்து பிடுங்கி என் கோட்டுப் பையில் திணித்தாள்.

"அத்தை."

"சும்மா இருக்கட்டும். துடைச்சுக்கவாவது உதவும்."

"என்ன சொன்னே அவர்கிட்ட?" என்று ரபாபைக் கேட்டேன்.

"'யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களா?'ன்னு கேட்டாரு. 'ஆமா, மாமியார்'னேன். பயந்துட்டாரு. 'மூணாவது மீனுக்கு'ன்னேன்."

ஷேக்கை வாசல் வரை கொண்டுவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கினார். திரும்பி ஏறி வந்தார். குரலைத் தணித்தார்.

"நபரோஹ் மீனா, டாக்டர்?"

"ஆமா."

"மிச்சம் இருக்கா?"

"ரெண்டு இருக்கும்."

"எனக்கில்ல. வீட்டுல கேப்பாங்க."

அம்மா ஒன்றை நாலு சுற்றுக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். பதிவேட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டு போனார்.

விருந்து முடிந்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்ததும் நான் மேஜையில் உட்கார்ந்தேன். அம்மா கடைசி மீனை என் தட்டில் வைத்தாள். பக்கத்தில் எலுமிச்சை, பச்சை வெங்காயம், ரொட்டி. வைத்துவிட்டு ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். அத்தை சுவரைப் பார்த்தாள். ரபாப் மட்டும் என்னையே பார்த்தாள்.

தோலை உரித்தேன். சாப்பிட்டேன்.

"உப்பு அதிகம்," என்றேன்.

மேஜைக்கு அடியில் உதைத்தாள்.

"நல்லா இருக்கு," என்றேன்.

"ஒரு ஜாடி தண்ணி குடி. தலையணை ரெண்டு வெச்சுப் படு. குப்புறப் படுக்காதே," என்றாள். "டாக்டர் சொன்னாரு."

கரண்டிகளைக் கழுவித் துடைத்து மேலே எடுத்துப் போனேன். பழைய இடத்திலேயே வைத்தேன். பை கிழிந்துவிட்டதால் பையில்லாமல்.

மறுநாள் வழக்கம்போலப் பத்து மணிக்குக் கடை திறந்தேன். கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மஹ்ரூஸ் வந்தார். நன்றி சொல்ல வந்தவரின் காலடிச் சத்தம் பாதியில் நின்றது.

"டாக்டரே, கண்ணுல என்ன கரண்டி?"

எடுத்தேன். வீக்கம் வடிந்திருந்த அவர் முகம் மாறியது.

"என்னாச்சு? இவ்வளவு வீங்கியிருக்கு?"

"மீன்," என்றேன்.

"எத்தனை?"

"ஒண்ணு."

அவர் பேசாமல் பார்த்தார். ஒரு மீனுக்கு இவ்வளவு வீங்காது என்று அவருக்குத் தெரியும். இன்னொரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி நிறைய குடிங்க," என்றார். "உப்பு தொடாதீங்க. கடைய அரை மணி நேரம் சாத்துங்க. வாங்க, ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாம்."

கரண்டிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.